முட்டிக்கு ஸ்டெம் செல் ஊசின்னு சொன்னா பணத்தைக் கட்டிடாதீங்க

ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்ங்க. கள்ளு இறக்கத் தென்னை மரத்தைக் குத்தகைக்கு விட்ட காசும் அம்மாவோட சீட்டுப் பணமும் சேர்ந்தது. இன்னிக்கு மத்தியானம் கிளினிக்ல முழுசா கைவிரிச்சுட்டாங்க. வயிறு எரியுது, அதான் உடனே எழுதறேன்.

நாங்க பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம். பார்டர் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தனியார் மூட்டுவலி கிளினிக். டாக்டர் ஒரு டப்பாவைத் திறந்தார், வெள்ளைப் புகை கிளம்புச்சு, உள்ள சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குப்பி. "தொப்புள்கொடியில இருந்து எடுத்த செல்லுங்கம்மா. முட்டிக்குள்ள போய் குருத்தெலும்பா வளர்ந்துடும், கேரண்டி." அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்கம்மாவா இருந்தாலும் இதைத்தான் போடுவேன்"னார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் அம்மா சரின்னாங்க.

மாசக்கணக்காச்சு. இன்னும் செவுத்தைப் பிடிச்சுத்தான் எந்திரிக்கறாங்க. போன் பண்ணினா டாக்டர் ஆபரேஷன்ல இருக்காராம். நேர்ல போனா ரிசப்ஷன் பொண்ணு, "சிலருக்கு லேட்டாத்தாங்க கேக்கும்." இன்னிக்கு டாக்டரே சொல்றார்: "செல்லு ஆளுக்கு ஆள் மாறும்ங்க. பேட்ச் அமையலைன்னா நாங்க என்ன பண்றது? பூஸ்டர் போட்டுக்கங்க, பாதி விலை."

மாறும்தான். கோயமுத்தூர்ல செல் லேப்ல இருக்கற சித்தப்பா பொண்ணும் அதைத்தான் சொல்லுச்சு. செல்லைத் தானம் கொடுத்தவங்க வயசு, மஜ்ஜையா கொழுப்பா தொப்புள்கொடியா, லேப்ல எத்தனை தடவை பெருக்கினாங்க, உறைய வெச்சு உருக்கினப்ப எத்தனை உயிரோட இருந்துச்சு, எல்லாத்துக்கும் குணம் மாறுமாம். செல்லு மேல சிடி73, சிடி90, சிடி105ங்கற அடையாளப் புரதங்கள் இருக்கணும்னு 2006ல செல் சிகிச்சைக்கான சர்வதேச அமைப்பு போட்ட அளவுகோல்ல பாஸானாலும் ரெண்டு பேட்ச் ஒரே மாதிரி வேலை செய்யும்னு சொல்ல முடியாது. குருத்தெலும்பா வளர்றதா? போட்ட செல்லுல பெரும்பாலானது கொஞ்ச நாள்லயே செத்துடுதாம், நடுவுல அது சுரக்கறதுதான் ஏதோ வேலை செய்யுதாம். 2023ல நேச்சர் மெடிசின்ல வந்த அமெரிக்க ஆய்வுல, தொப்புள்கொடி செல் உட்பட மூணு வகை ஊசியும் ஒரு வருஷம் கழிச்சு முட்டிவலிக்கு சாதா ஸ்டீராய்டு ஊசியை ஜெயிக்கல.

இதெல்லாம் காசு வாங்கறப்ப எங்கய்யா போச்சு? அன்னிக்கு கேரண்டி, இன்னிக்கு பேட்ச்! சரி, அந்த பேட்ச் நம்பரைக் குடுங்கன்னேன். "அது லேப் சமாச்சாரம்." பில்லுல "ப்ரொசீஜர் சார்ஜ்"னு ஒரே வரி, ஒரு லட்சத்து எண்பதாயிரம். செல்லுன்னு ஒரு எழுத்து கிடையாது.

செல்லு மேல எனக்குக் கோபமில்ல. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கப்புறம் ஸ்டீராய்டுக்கும் அடங்காத எதிர்வினை வர்ற குழந்தைகளுக்கு, இந்த வகை செல் மருந்துக்கு 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதியே குடுத்திருக்காங்க. சோதனை பண்ணி, கணக்குக் காட்டி வாங்கின அனுமதி. புகை காட்டி இல்ல.

என்னென்ன பாக்கணும்னு விளக்கமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது. எந்த நோய்க்கு அனுமதி, பேட்ச் நம்பர் என்ன, ரெண்டையும் எழுத்துல வாங்குங்க. ஆராய்ச்சின்னு சொன்னா சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளைப் பதிவு பண்ற இந்தியப் பதிவேடு) பதிவு நம்பர் கேளுங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி ஆராய்ச்சிக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. பூஸ்டருக்குக் கூப்பிட்டா போகாதீங்க. நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் பேப்பர் ரெடி பண்ணணும். இதே மாதிரி ஒரு வரி பில்லு யார்கிட்டயாவது இருந்தா கிழிச்சுப் போடாம எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.