அளந்து பார்க்கவிடும் கடை: ரிச்சி தெருவில் 44 லித்தியம் செல்கள்

என் மின்சார சைக்கிளின் 36 வோல்ட் பேட்டரி நான்காவது ஆண்டில் பாதித் தூரத்திலேயே படுத்துவிடத் தொடங்கியதால், அதைப் பிரித்துப் புதிய செல்கள் போட்டுக் கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். நான்கு நான்காகப் பக்க இணைப்பில் சேர்த்த பத்துத் தொகுதிகளுக்கு 40 செல்களும் உபரியாக நான்கும் தேவைப்பட்டன. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இரண்டு கடைகளில் வாங்கினேன். இரண்டிலும் கேட்டது 18650 செல், அதாவது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள உருளைச் செல்தான் என்றாலும், கிடைத்தவை வெவ்வேறு சாதி.

முதல் கடையில் 3500 எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர் மணி, செல்லில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற திறனின் அளவு) என்று அச்சிட்ட செல் ஒன்று 120 ரூபாய். இந்த அளவுள்ள செல்லில் பரவலாகக் கிடைக்கும் உண்மையான உச்சம் ஏறத்தாழ 3500, 3600 அளவில்தான் நிற்கிறது. எனவே 9900 என்று அச்சிட்டு விற்கப்படும் செல்லை ஒதுக்குவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. 3500தான் தொல்லை, ஏனென்றால் அது நம்பக்கூடிய எண். மீட்டர் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "எல்லாம் புது சரக்கு சார், மீட்டர் வச்சா ஸ்லீவ் கிழிஞ்சிடும்" என்றார் கடைக்காரர். முனையைத் தொடும் கம்பி, பக்கவாட்டில் இருக்கும் உறையை எப்படிக் கிழிக்கும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு அவரே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, செல்லின் இரு முனைகளையும் ஒரு நொடி நேரடியாக இணைத்து "ஆம்ப்ஸ் பாருங்க" என்று காட்டினார். இது குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்). செல்லுக்கும் கேடு, கைக்கும் ஆபத்து, தரத்தைப் பற்றியோ எதுவும் சொல்லாது. மாதிரிக்கு ஆறு மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் முதலில் தராசில் வைத்தேன். 44 முதல் 46 கிராம் வரை காட்டின. நல்ல 18650 செல் பெரும்பாலும் 45 முதல் 50 கிராமுக்குள் இருக்கும் என்பதால், 35 கிராமுக்குக் கீழே இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு போலி எனலாம். ஆனால் உழைத்துத் தேய்ந்த செல் எடை குறைவதில்லை. ஆகவே தராசு போலியைப் பிடிக்குமே தவிர, பழையதைப் பிடிக்காது. அதைப் பிடித்தது வோல்ட் மீட்டர். ஆறு செல்களும் 2.94, 3.31, 3.47, 3.62, 3.88, 4.02 வோல்ட் என்று ஆளுக்கொரு எண்ணைக் காட்டின. ஒரே தொகுப்பில் தயாராகும் செல்கள் ஒரே அளவு மின்னேற்றத்துடன் ஆலையை விட்டு வெளியேறுவதால், அவற்றுக்கிடையே நூறில் ஒரு வோல்ட் அளவுக்குத்தான் வேறுபாடு இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் விரிந்து கிடப்பது, வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்துவிட்டு வந்த செல்களுக்கே உரியது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒன்றின் உறையைப் பிளேடால் கீறி உரித்தேன். அடிப்பக்கத் தகட்டில், முன்பு பேட்டரியாகக் கட்டியபோது நிக்கல் பட்டையை ஒட்டவைக்க ஸ்பாட் வெல்டிங் செய்த புள்ளிகளை அரத்தால் தேய்த்து மறைத்திருந்த கோடுகள் தெரிந்தன. மேல்முனையில் நிக்கல் பட்டையின் நகக்கண் அளவுத் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்துப் புது ஸ்லீவ் மாட்டியவை என்றே நினைக்கிறேன். முழுதாகச் சார்ஜ் செய்து காலியாகும்வரை இறக்கி அளக்கும் மின்னிறக்கச் சோதனையில் சிறந்தது 1870, மோசமானது 1320 எம்.ஏ.எச். மட்டுமே கொடுத்தது.

பத்துத் தொகுதிகளைத் தொடரிணைப்பில் கட்டும்போது எல்லாவற்றினூடேயும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. அதனால் நலிந்த தொகுதி முதலில் காலியாகி, மற்ற ஒன்பதில் மின்சாரம் மிச்சமிருக்கும்போதே பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றான பி.எம்.எஸ். முழு பேட்டரியையும் நிறுத்திவிடுகிறது. இந்தக் காரணத்தால், பெரிய எண் அச்சிட்ட செல்லைவிட ஒன்றுபோல் ஒன்று இருக்கும் செல்களையே நான் தேடினேன். வாங்குவது நாற்பது என்றால் ஒன்றை மட்டும் அளந்து திருப்தியடைவதில் பொருளில்லை.

இரண்டாவது கடையில் மேசைமேலேயே, செல்லுக்குள் மின்னோட்டத்துக்கு இருக்கும் தடையை அளக்கும் நான்கு கம்பி அகமின்தடை மீட்டர் கிடந்தது. "நீங்களே வச்சுப் பாருங்க சார்" என்று கடைக்காரர் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, அட்டைப்பெட்டி ஒன்றை என் கண்ணெதிரே பிரித்தார். அச்சிட்ட திறன் 2600, விலை 185 ரூபாய். பெட்டியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருந்தது; லித்தியம் செல்களின் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 16046 தரத்துக்குரிய அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்தேன். தயாரிப்பாளரின் பெயர் பொருந்தியது. ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் 44 செல்களையும் அளந்து முடித்தேன்: மின்னழுத்தம் எல்லாவற்றிலும் 3.53 அல்லது 3.54 வோல்ட், அகமின்தடை 23 முதல் 26 மில்லிஓம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சார்ஜர்கள் சிலவற்றின் திரையிலும் மில்லிஓம் கணக்கு வரும். அதை நம்ப வேண்டாம். முனையைத் தொடும் ஸ்பிரிங்கின் தடையும் அதில் சேர்ந்துவிடுவதால், என் சார்ஜரில் ஒரே செல்லைக் கழற்றி மாட்டியபோது ஒருமுறை 41, மறுமுறை 68 என்று வந்தது. நான்கு கம்பி மீட்டர் மின்னோட்டத்தை ஒரு சோடிக் கம்பியிலும் மின்னழுத்தத்தை வேறொரு சோடியிலும் கையாள்வதால் இந்தப் பிழை அதில் இல்லை.

திறனைக் கடையில் அளக்க முடியாது. திறனையும் அளக்கும் என் நான்கு குழி சார்ஜரில் ஒரு நாளைக்கு நான்கு வீதம் பதினொரு நாள் பிடித்தது. சமையலறை மேடையின் ஒரு மூலை அதுவரை என் வசம் இருந்ததில் வீட்டில் யாருக்கும் மகிழ்ச்சியில்லை. 2510 முதல் 2570 எம்.ஏ.எச். வரை கிடைத்தது. என் சார்ஜர் மின்னிறக்கத்தை 2.8 வோல்ட்டிலேயே நிறுத்திக்கொள்கிறது. உற்பத்தியாளர்கள் பொதுவாக அதற்கும் கீழே இறக்கி அளப்பதால், இந்தச் சிறு குறைவை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு முழுதாகச் சார்ஜ் செய்து ஒரு நாள் ஆறவிட்டு, மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு மூன்று வாரம் தொடாமல் வைத்தேன். 43 செல்கள் நூறில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் இறங்கவில்லை. ஒன்று மட்டும் 4.17இலிருந்து 4.06க்கு வந்திருந்தது. அதன் எடை, அகமின்தடை, திறன் எல்லாமே மற்றவற்றைப் போலவே சரியாக இருந்தன. உள்ளே மெல்லக் கசிவதைக் காட்டிக்கொடுத்தது காத்திருந்த நாட்கள்தான்.

கடையைப் பற்றி எனக்குக் குறையும் உண்டு. பில்லில் தயாரிப்புத் தொகுப்பு எண் போடுவதில்லை, மாற்றித் தரும் காலம் ஏழு நாள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கசிவுச் சோதனைக்கு மட்டுமே மூன்று வாரம் ஆகும்போது ஏழு நாள் எந்த மூலைக்கு? பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லி, பில்லின் பின்புறம் "45 நாள்" என்று கையால் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். 38ஆம் நாள் அந்த ஒரு செல்லை எடுத்துக்கொண்டு போனபோது, அவர் மீட்டரில் வைத்துப் பார்த்தார், என் குறிப்பேட்டையும் பார்த்தார், உள்ளே போய் அதே பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து வந்தார். அதுவும் 3.53 வோல்ட்.