கடும் நோயுற்ற கைதிக்கு: மருத்துவப் பிணையா, ஆளுநரின் மன்னிப்பா?

விசாரணைக் கைதியும், மேல்முறையீடு நிலுவையிலுள்ள தண்டனைக் கைதியும் நோயைக் காரணம் காட்டி நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். தண்டனை பெற்றவருக்கு அரசியலமைப்பின் 161ஆவது பிரிவின்படி ஆளுநர் மன்னிப்போ தண்டனைக் குறைப்போ வழங்கலாம்.

பிணை விரைவான வழி என்பார்கள். ஆனால் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கில் 2020 அக்டோபரில் கைதான பாதிரியார் ஸ்டான் சாமி, பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல், ஓர் உறிஞ்சுகுழல் கேட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். திருச்சி மண்ணில் பிறந்த அந்த முதியவர், பிணை மனு நிலுவையில் இருந்தபோதே, 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் மும்பை மருத்துவமனையில் உயிர்நீத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மன்னிப்பு நிலையானது, இடைக்காலப் பிணையில் வந்தவரைப்போல, கெடு முடிந்ததும் மருந்துப் பையோடு சிறைவாசலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆயினும் அதில் தாமதம் மிகுதி. நோய் சார்ந்த வழக்கு அல்ல என்றாலும், ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தண்டனைக் கைதி பேரறிவாளனை விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்த பின்னும் ஆளுநர் முடிவெடுக்காததால், 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே, முழுமையான நீதி வழங்கத் தனக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆவது பிரிவைக் கொண்டு அவரை விடுவிக்க நேர்ந்தது. முற்றிய புற்றுநோய் அவ்வளவு காலம் பொறுக்காது. ஆகவே நாள்கள் எண்ணப்படும் நிலையில், பிணையையே முதலில் கேட்டு, தண்டனைக் கைதியாயின் கருணை மனுவையும் உடன் அனுப்புவதே நல்லது என்று கருதுகிறேன்.