குமிழில் 180, எண்ணெயில் 160: ஒரு பிரையருடன் நான்கு வருடங்கள்

கொட்டாஞ்சேனையில் சிற்றுண்டிக் கடை திறப்பதற்காக ஓடித் திரியும் என் சித்தப்பாவின் மகன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் கேட்டான்: "அக்கா, உங்களிடம் இருக்கிற பிரையரையே நானும் வாங்கட்டுமா?" நான் ஒரு சொல்லும் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்த நேரம் கடை முழுக்கப் புகை. வாசலில் நின்ற இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி கோபித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இப்போது ஆறுதலாகப் பதில் எழுதுகிறேன்.

இயந்திரத்தை அவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மின்சாரத்தில் எண்ணெயைச் சூடாக்கிப் பொரிக்கும் பிரையர், மேசையில் வைக்கும் இரட்டைத் தொட்டி வகை. தொட்டிக்கு 6 லீற்றர், தொட்டிக்கு ஒரு 3 கிலோவாட் சூடாக்கி, முன்பக்கம் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு குமிழ்கள், நான்கு விளக்குகள். கொழும்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் பற்றீஸும் அடுக்கியிருக்கும் கடைகளின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் இதன் கூடப்பிறப்பு ஏதாவது ஒன்று நிற்கும். நான் வாங்கியது 2021 டிசம்பரில். எரிவாயு சிலிண்டர் வெடித்த செய்தி அன்றாடம் வந்துகொண்டிருந்த காலம் அது. வெள்ளவத்தையில் எங்கள் கடை இருக்கும் ஒழுங்கையில் அந்த வாசனை வந்தாலே ஆட்கள் வீதிக்கு ஓடினார்கள். பயத்தில் மின்சாரத்துக்கு மாறினேன். மூன்றே மாதத்தில், 2022 மார்ச் முடிவில், ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. அடுத்த பெப்ரவரியில் அதற்கு மேல் 66 சதவீதம். என் ராசி அப்படி. அதற்கு இயந்திரத்தைக் குறை சொல்லமாட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபம் வந்தால் மறந்துவிடுவேன். தாச்சியில் பொரிக்கும்போது வடையிலிருந்து உதிரும் பருப்பும், கட்லட்டிலிருந்து கழரும் ரஸ்க் தூளும் அடியில் போய்த் தங்கும். நெருப்பு படுவதும் அதே அடியில்தான். எனவே அந்தத் தூள் கருகிக் கருகி மத்தியானத்துக்குள் எண்ணெயைத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிரையரில் சூடாக்கி எண்ணெய்க்குள் நடுவில் கிடக்கிறது. சூடான எண்ணெய் மேலே எழும்; சூடாக்கிக்குக் கீழே இருக்கும் நாலு விரல் எண்ணெய் பெரிதாகச் சூடாகாமல் கிடக்கும். தூள் அங்கே இறங்கிக் கருகாமல் உறங்கும். இரவில் எண்ணெயை வடிக்கும்போது அடியில் பொன்னிறத்தில் ஒரு பிடி பருப்பு கிடப்பதை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எண்ணெய்ச் செலவில் இது மிச்சப்படுத்தித் தந்தது கொஞ்சமல்ல. இந்தக் குளிர்ந்த அடிப்பகுதியை நினைவில் வைத்திருங்கள். பின்னால் இதுவே என் கழுத்தை அறுக்கப்போகிறது.

செருகியை (பிளக்கை) பற்றியும் ஒரு வரி. 3 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 13 அம்பியர். அதாவது 13 அம்பியர் செருகி தாங்கும் எல்லை. மணிக்கணக்காக ஓடினால் செருகி சுடும். எங்களுடையது ஆறாம் மாதத்தில் பழுப்பு நிறமாகி மணக்கத் தொடங்கியது. தொட்டிக்கு ஒரு தனி வயரும் சுவிட்சும் போட்டு நேராக இணைத்த பிறகு அந்தத் தலையிடி தீர்ந்தது. இதற்கு மட்டும் காசு பார்க்காதே, தம்பி.

இனி அந்தக் குமிழ். முதல் இரண்டு வருடமும் 180-இல் வைத்தால் எண்ணெயும் ஏறக்குறைய அதே 180 பாகையில் நின்றது. மூன்றாம் வருடம் உளுந்து வடை எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. கடதாசியில் வைத்தால் கடதாசி கண்ணாடி ஆகிவிடும். உளுந்தைக் குறை சொன்னேன். கடைக்காரனை மாற்றினேன். ஊறவைத்த நேரம், அரைத்த பதம், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். மாமி மாவைத் தொட்டுப் பார்த்து "மாவில் பிழை இல்லை" என்றார். இதற்கிடையில் சமையலறையில் நிற்கும் பையன் என்னிடம் சொல்லாமலே குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். 185, 190, கடைசியில் 200. வடை சரியாக வந்தது. அந்த இடத்தை மறக்காமல் இருக்க, 200-க்கு மேலே என் மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடும் போட்டுவைத்தான். ஒரு வருடம் நாங்கள் அந்தக் கோட்டை நம்பி வாழ்ந்தோம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கம்பி வெப்பமானி வாங்கிவந்தபோதுதான் கணக்கு வெளியில் வந்தது. வாங்கிய வெப்பமானியையே முதலில் சோதிக்க வேண்டும். நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் 100. கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் எங்களுக்கு 100 என்றால் 100தான். மலைமேல் நுவரெலியாவில் இருப்பவர் இரண்டு மூன்று பாகை குறைத்துக்கொள்ளாமல், ஆறு பாகைக்கு மேலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது 0-உம் 99-உம் காட்டியது. பரவாயில்லை. பிறகு குமிழை 180-இல் வைத்து, தொட்டியின் நடுவில் பிடித்துப் பார்த்தேன். 160.

விற்ற நிறுவனத்தின் பழுதுபார்ப்புப் பகுதிக்கு அழைத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வந்தவர் மரியாதையான ஆள், சீருடை, பளபளக்கும் கருவிப்பெட்டி. குமிழை இழுத்தெடுத்தார். அச்சின் நடுவில் ஒரு சிறிய திருகாணி இருக்கிறது. அதைத் துளித்துளியாகத் திருப்பினார். என் வெப்பமானியையே வாங்கி வைத்துப் பார்த்தார். 180 என்று காட்டியதும் குமிழை மாட்டிவிட்டார். பதினைந்து நிமிடம். ரசீது. நியாயமாகச் சொன்னால் அந்தத் திருகாணி இருப்பதே அதற்காகத்தான், அவர் செய்தது தெரியாத வேலை இல்லை. ஆனால் இருபது பாகை எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பையன் வழக்கம்போல் குமிழைச் சிவப்புக் கோட்டுக்குத் திருப்பினான். அவனுடைய கை ஒரு வருடமாகப் பழகியது அதுதான். குமிழ் உண்மை பேசத் தொடங்கியதை நான் அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். 46 றோல்ஸ், வெளியே கறுப்பு, உள்ளே கிழங்கு சில்லென்று. மிதிவெடி என்று நாங்கள் சொல்லும் பெரிய றோல்ஸ் தப்பின, அவற்றை அன்று அவன் போடவே இல்லை.

உண்மையான வினை அதற்கு மூன்று கிழமை கழித்து. சனிக்கிழமை இரவு எண்ணெயை வடித்து, தண்ணீர் ஊற்றி, சோடாத் தூள் போட்டுக் கொதிக்கவைத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். ஞாயிறு காலை புது எண்ணெய். குமிழ் 180-இல். எண்ணெய் சூடேறும்போது எரியும் செம்மஞ்சள் விளக்கு அணையவேயில்லை. வாடிக்கையாளர் நெருக்கடியில் யார் விளக்கைப் பார்க்கிறார்கள்? முதலில் ஒரு மெல்லிய நீலப் புகை, பிறகு கண் எரியும் புகை. சுவிட்சை நோக்கி நான் ஓடுவதற்குள் டக் என்று ஒரு சத்தம், எல்லா விளக்கும் அணைந்தது. பின்பக்கத்துப் பாதுகாப்புத் துண்டிப்பான் வேலை செய்திருக்கிறது. எண்ணெய் 230 பாகை அளவை எட்டினால் மின்சாரத்தை வெட்டிவிடும். ஆறிய பிறகு ஒரு சிவப்புப் பொத்தானைக் கையால் அழுத்தினால்தான் மீண்டும் உயிர் வரும். அந்தப் பொத்தான் தொல்லை என்று சொல்லி அதன் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டிருக்கும் கடைகளை எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த கடைகள் என்பதால் அங்கே நான் தேநீர் குடிக்கக்கூடப் போவதில்லை. தம்பியின் தொலைபேசி அழைப்பு வந்தது சரியாக அந்த நிமிடத்தில்.

நிறுவனத்தை மறுபடி அழைக்க மனம் வரவில்லை. மாளிகாவத்தையில் ஹோட்டல் சாமான் திருத்தும் ஒரு நானாவைப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நானா வந்ததும் குமிழைத் தொடவேயில்லை. "தங்கச்சி, முதலில் வயரைக் கழற்றுங்கள், எண்ணெயை வடியுங்கள்" என்றார். சூடாக்கியை மேலே தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் பக்கத்தில் சுண்டுவிரலை விட மெல்லிய ஒரு செம்பு நிறக் குழாய் இருக்கிறது. அதற்குள் ஒரு திரவம். சூடானால் விரிந்து, முடி போன்ற குழாய் வழியாக மேலே தள்ளி, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் சுவிட்சைத் திறக்கும். எண்ணெயின் சூட்டை இயந்திரம் உணரும் ஒரே விரல் அது. அதைப் பிடித்துவைக்கும் கவ்வி இரவுக்கு இரவு தேய்த்ததில் வளைந்துபோயிருந்தது.

கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்றாம் வருடம் கவ்வி தளர்ந்து, விரல் சூடாக்கியில் போய்ச் சாய்ந்திருக்கிறது. எண்ணெய்க்கு முன்பே அதற்குச் சுட்டது. போதும் என்று முந்திக்கொண்டு வெட்டியது. எண்ணெய் 160-இல் நின்றது. சீருடைக்காரர் சாய்ந்த விரலுக்கு ஏற்றபடி திருகாணியைத் திருப்பிக் கணக்கைச் சரிசெய்தார். சனிக்கிழமை தேய்த்தபோது விரல் முழுதாகக் கழன்று கீழே தொங்கிவிட்டது. எங்கே? நான் மேலே புகழ்ந்தேனே, அந்தக் குளிர்ந்த அடிப்பகுதியில், பருப்புத் தூளோடு. மேலே எண்ணெய் புகைந்துகொண்டிருக்க, விரல் "இன்னும் சூடு காணாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. துண்டிப்பானுக்கு வேறொரு விரல் தனியாக இருந்ததால் கடை மிஞ்சியது.

நானா விரலில் ஒட்டியிருந்த கரியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தார். கத்தி போட்டால் குழாய் ஓட்டையாகும், ஓட்டையானால் திரவம் போய்விடும், பிறகு புதிதுதான். கரி ஒரு போர்வை, சூடு உள்ளே போகப் பிந்தும், அதனால் எண்ணெய் தாண்டித் தாண்டிப் போகும் என்றார். துருப்பிடிக்காத தகட்டில் புதுக் கவ்வி வெட்டி மாட்டினார். அதன் பிறகுதான் திருகாணி. எண்ணெய் சூடாகி விளக்கு முதல் தடவை அணைந்ததும் நான் வெப்பமானியை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். முதல் சுற்று எப்போதும் கூடக் காட்டுமாம். மூன்று சுற்று அணைந்து எரிய விட்டு, நான்காம் சுற்றில் அணையும்போது 185, எரியும்போது 174 என்று எழுதிக்கொண்டார். நடுவில் 180-க்கு ஒரு மயிரிழை குறைவு. "இதற்கு மேல் இது கேட்காது" என்றார். முக்கால் நாள் வேலை. வாங்கிய காசு சீருடைக்காரருடையதில் பாதி.

இருபது பாகைக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்பவர்களுக்கு: குறைந்தால் வடை எண்ணெய் குடிக்கும், கூடினால் எண்ணெய் சாகும். சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் 177 பாகை அளவிலேயே புகையத் தொடங்கும், நாங்கள் பாவிக்கும் வெள்ளை எண்ணெய் அதை விடத் தாங்கும், ஆனாலும் எல்லை உண்டு. கிழங்கு வகைகளை நன்றாகக் கருக விடுவதில் அக்ரிலமைட் என்றொரு வில்லங்கம், புற்றுநோய் தரலாம் என்று சந்தேகிக்கப்படும் இரசாயனம், இருப்பதாக 2002-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டு சொன்ன பிறகு, கட்லட்டை நான் 175-க்கு மேல் விடுவதில்லை. விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கையில் மின்னழுத்தம் 210-க்கு இறங்கும். அப்போது 3,000 வாட் சூடாக்கி 2,500 வாட்தான் தரும். இருபது றோல்ஸைச் சேர்த்துப் போட்டால் எண்ணெய் மீண்டு வர நேரமெடுக்கும். குமிழைக் கூட்டிப் பயனில்லை, குறைத்துப் போடுவதுதான் வழி. பையனுக்கு இதைச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

தம்பி, இனி உன் கேள்வி. எண்ணெய் மிச்சம், வேகம், சமையலறையில் தாச்சிக் காலத்துப் புழுக்கம் இல்லை. நான்கு வருடத்தில் சூடாக்கி ஒரு தடவைகூட எரியவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டுச் சொல்கிறேன்: வாங்காதே. நாளைக்குக் கேட்டால் வேறு பதில் வரக்கூடும், இன்றைக்கு இதுதான். முந்தாநாள் அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்க உட்கார்ந்தேன். நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். கோடு போனது. கூடவே 200-உம் போனது, பக்கத்திலிருந்த 180-உம் போனது. வாங்கிய நாளிலிருந்து முதன்முறையாகக் குமிழ் சரியாக இருக்கிறது, பலகையில் எண் இல்லை. பையன் அந்த இடத்தில் மறுபடி ஒரு கோடு போட்டிருக்கிறான், இந்தத் தடவை நீலத்தில்.

"அப்படியென்றால் உங்களுடையதை எனக்கு விற்றுவிடுங்கள், அக்கா" என்று நேற்றுச் செய்தி அனுப்பியிருக்கிறான். விற்கமாட்டேன்.