சாவு பயத்தைத் தணிக்கும் இடம்: மரங்களுக்கிடையிலா, மண்ணுக்குள்ளா?

ஸ்டாக்ஹோமின் வனக் கல்லறைத் தோட்டமும் பார்சலோனாவுக்கு அருகிலுள்ள இகுவாலடா கல்லறைத் தோட்டமும் இந்தக் கேள்விக்கு நேரெதிர் விடைகள்.

ஸ்டாக்ஹோம் கல்லறைத் தோட்டத்துக்கான 1915 வடிவமைப்புப் போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர்கள் அஸ்ப்லுண்டும் லெவரென்ட்ஸும் அங்கிருந்த பைன் மரங்களைக் காப்பாற்றி, அவற்றுக்கிடையே கல்லறைகளை அமைத்தார்கள். குன்றின் மேலுள்ள தியானத் தோப்புக்குப் போகும் படிகள் மேலே போகப் போக உயரம் குறையும். துக்கத்தோடு ஏறுபவருக்கு மூச்சு வாங்கக் கூடாதே என்ற கரிசனம் அது. அங்கே இறுதிச் சடங்கு நடக்கும் உயிர்த்தெழுதல் சிற்றாலயத்தில் ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியேறுவார்கள். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இகுவாலடாவில் கட்டடக் கலைஞர்கள் மிராயேஸும் பினோஸும் 1980-களில் தொடங்கிய வேலையோ நம்மைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்குகிறது. கான்கிரீட் சுவர்களில் அடுக்கடுக்காகக் கல்லறை மாடங்கள், தரையில் பதித்த மரக்கட்டைகள், மேலே திறந்த வானம். 2000-இல் இறந்த மிராயேஸும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

சாவை நேருக்கு நேர் பார்க்கத் தயாரானவருக்கு இகுவாலடா சரி. ஆனால் நேற்றுத்தான் அம்மாவைப் பறிகொடுத்த ஒருவருக்கு அது ரொம்பக் கனம். அவருக்கு ஸ்டாக்ஹோமின் முறைதான் வேண்டும் என்பேன்.