குடைக்குள் கட்லா வராது

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கால் ஏக்கரில் ஒரு மீன் குட்டை. ஆடிக் கடைசியில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து ஆயிரம் குஞ்சு விட்டேன். மாதம் ஒருமுறை கொஞ்சம் மீனைப் பிடித்து எடை பார்த்தால்தான் தீனியைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியும். அதற்கு வீச்சு வலைக்காரரைக் கூப்பிட்டால் 500 ரூபாய், போகும்போது குழம்புக்கு இரண்டு மீன். அவருக்குத் தோதான நாள் எனக்குத் தோதாக இருந்ததே இல்லை. இந்த இழுபறி வேண்டாம் என்றுதான் இணையத்தில் 430 ரூபாய்க்கு மீன் பிடிக்கும் மடக்குக் கூடு ஒன்று வாங்கினேன்.

பார்க்கக் குடை மாதிரியேதான். நடுக் கயிற்றை இழுத்தால் கம்பிகள் விரிந்து பச்சை நைலான் வலை கூடாரமாக நிற்கும். சுற்றிலும் ஆறு வாய். ஒவ்வொன்றும் உள்ளே போகப் போகக் குறுகும், நுழைந்த மீனுக்குத் திரும்ப வழி தெரியாது. நம் ஊர் மூங்கில் பறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அப்பா மடையில் வைக்கும் பறியைத் தூக்கக் கூட ஒரு ஆள் வேண்டும், இது கக்கத்தில் அடங்குகிறது. முதல் நாள் எடுத்துக்கொண்டு போகும்போது சித்தப்பா திண்ணையிலிருந்து, "குடையோட குட்டைக்குப் போறியே, மழை எங்கடா?" என்றார்.

தீனி வைக்கக் கூட்டுக்குள் ஒரு வலைப்பை இருக்கிறது. கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து வைத்தேன், அரை மணி நேரத்தில் கரைந்து ஓடிவிட்டது. பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்தால் இரவு முழுக்கத் தாங்குகிறது.

காலையில் தூக்கினேன். நல்ல கனம், எனக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் கொட்டி எண்ணினால் ஜிலேபிக் குஞ்சு 41, கெளுத்தி 7, பனையேறிக் கெண்டை 2, வயல் நண்டு ஒன்று. ரோகுவும் மிர்காலும் சேர்த்து நாலு. கட்லா ஒன்றுகூட இல்லை.

கெளுத்தியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. வலை பட்டதும் மூன்றையும் விறைத்துக்கொண்டு நிற்கும், முன்னாலும் வராது பின்னாலும் போகாது. ஒன்றை எடுப்பதற்குள் கட்டைவிரலில் ஏற்றிவிட்டது, முழங்கை வரை கடுத்தது. கடைசியில் கத்தரிக்கோலால் இரண்டு கண்ணியை வெட்டித்தான் விடுவித்தேன். அந்த ஓட்டையைப் பெரிதாக்கும் வேலையை அடுத்த வாரம் நண்டு பார்த்துக்கொண்டது.

விளம்பரப் படத்தில் கூடு நிறைய முழங்கை நீள மீன் கிடக்கிறது. அதை நம்பாதீர்கள். வாய் நாலு விரல் அகலம், அதில் பெரிய மீன் தலையை விடுவதே சந்தேகம். தவிர, கட்லா மேல்மட்டத்தில் மேய்கிற மீன், தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டுக்குள் அதற்கு என்ன வேலை? நான் பிடித்த ரோகு, மிர்கால் எல்லாமே குட்டையிலேயே பின்தங்கிப்போன பொடிசுகள். கார்த்திகை வரை கூட்டில் வந்ததை எடை போட்டால் சராசரி 80 கிராம். சந்தேகப்பட்டு வலைக்காரரையே கூப்பிட்டு நாலு வீச்சு போடச் சொன்னேன், 210 கிராம் வந்தது. குட்டையில் 900 மீன் இருப்பதாக வைத்து, எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு தீனி என்று கணக்குப் போட்டால் முதல் கணக்கில் ஒரு நாளைக்கு 2 கிலோ சொச்சம், இரண்டாவதில் ஐந்தரைக்கு மேல். கூடு சொன்னதைக் கேட்டிருந்தால் என் மீனை நானே பட்டினி போட்டிருப்பேன்.

சரி, காசு வீணா? அப்படியும் சொல்ல மாட்டேன். நான் விடாத மீனெல்லாம் குட்டையில் குடும்பம் நடத்துவதை இந்தக் கூடுதான் காட்டிக்கொடுத்தது. வாய்க்கால் தண்ணீரை அப்படியே திறந்து விட்டேனே, அதோடு வந்தவை. வாராவாரம் ஜிலேபிக் குஞ்சு கூடிக்கொண்டே போனதை நோட்டில் எழுதிப் பார்த்த பிறகுதான் தண்ணீர் வரும் குழாய்க்குச் சன்னக் கண்ணி வலை கட்டினேன். அந்தக் குஞ்சுகளும் நான் போடும் புண்ணாக்கைத்தானே தின்றுகொண்டிருந்தன! இப்போது வாரம் இரண்டு நாள் கூடு போட்டு அதுகளை அள்ளுகிறேன். பெரியது குழம்புக்கு, பொடியது கோழிக்கு.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இரவு முழுக்க ஆழத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். விடிகாலையில்தான் குட்டைத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும், நெருக்கியடித்துக் கிடக்கும் மீன் செத்து மிதக்கும். எனக்கு ஒருநாள் பால் ஆமை மாட்டியது. அது மேலே வந்து மூச்சு விட வேண்டிய உயிர், சட்டப்படி பாதுகாக்கப்பட்டதும்கூட. நல்ல வேளையாக அன்று சீக்கிரம் போனேன், உயிரோடு இருந்தது. அன்றிலிருந்து ஓரத்தில், கூட்டின் உச்சி தண்ணீருக்கு மேலே தெரியும்படிதான் வைக்கிறேன். ஆழத்தில் வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளே மூடிய காலி பாட்டில் இரண்டைக் கட்டிவிட்டால் உச்சி மிதக்கும். சாயங்காலம் போட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் தூக்கினாலே வேண்டிய அளவு கிடைக்கிறது.

தையல் சுமார். ஜிப் இரண்டாம் மாதமே துருவேறி நின்றுவிட்டது, தேங்காய் எண்ணெய் தடவி ஓட்டுகிறேன். வளர்ப்பு மீனை எடை பார்க்க என்றால் ஐந்துக்கு ஒன்று. அழைக்காமல் வந்தவர்களை எண்ண என்றால் தாராளமாக நாலு கொடுப்பேன்.

போன வாரம் சித்தப்பா வந்து, வாய்க்காலில் அயிரை ஏறுகிறது, ஒரு நாளைக்குக் கொடு என்று குடையை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் வந்தபாடில்லை.