மேன் வெர்சஸ் வைல்டா, சர்வைவர்மேனா, அலோனா: யாரு நிஜமா எங்க எடுத்தாங்க?

மைசூர்ல இருந்து குண்டலுப்பேட்டை வழியா ஊட்டிக்கு பஸ்ல போனவங்களுக்கு பந்திப்பூர் நல்லா தெரியும், ரெண்டு பக்கமும் காஞ்ச காடு, ரோட்டோரமா மான் கூட்டம், கொஞ்ச நேரத்துல தெப்பக்காடு வந்துரும். 2020 ஜனவரில ரஜினி சாரை வெச்சு, மேன் வெர்சஸ் வைல்ட் புகழ் பியர் கிரில்ஸ் எடுத்த எபிசோட் அந்தக் காட்டுலதான். மார்ச் 23 ராத்திரி டிவில வந்தப்போ வீட்ல எல்லாரும் சேர்ந்து உக்காந்து பாத்தோம், அப்போ ஒரு விஷயம் எனக்கு சுருக்குனு உறைச்சுது. பஸ் ஜன்னல்ல பாத்த அதே காடு டிவில வேற ஏதோ காடு மாதிரி தெரியுது. இடத்தைப் பத்தி யாரும் பொய் சொல்லல, ரோடு இருக்குற பக்கம் கேமரா திரும்பவே இல்ல, அவ்ளோதான்.

அதுல இருந்து காட்டுல பொழைச்சுக் காட்டற இந்த மாதிரி சர்வைவல் ஷோ எது பாத்தாலும் பக்கத்துல மேப்பை திறந்து வெச்சுக்கற பழக்கம் வந்துருச்சு. எந்த நாடு, எந்தக் காடுன்னு தெரிஞ்சதும் நிறைய பேரு தேடறத நிறுத்திடறாங்க, ஆனா நாட்டுப் பேரை பெரும்பாலும் ஷோவே சொல்லிடுது. சொல்லாம விடறது பக்கத்துல இருக்குற ரோடு, படகுத்துறை, லாட்ஜ் இதெல்லாம்தான். அதனால நான் மூணே கேள்விதான் கேப்பேன்: ரோடு எவ்ளோ தூரம், கேமரா யார் கைல, ராத்திரி தூக்கம் எங்க. இந்த மூணையும் வெச்சு மேன் வெர்சஸ் வைல்ட், சர்வைவர்மேன், அலோன் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்போம்.

முதல்ல மேன் வெர்சஸ் வைல்ட். டிஸ்கவரி தமிழ் டப்பிங்ல பாத்து வளந்த பசங்களுக்கு சர்வைவல்னாலே பியர் கிரில்ஸ்தான், எனக்கும் அப்படித்தான், அந்த மனுஷன் மேல இப்பவும் மரியாதை இருக்கு. 2006ல ஆரம்பிச்ச ஷோ, பிரிட்டன்ல சேனல் 4ல வேற பேர்ல வந்துச்சு. மலையேறறது, ஆத்துல குதிக்கறது, பாராசூட்ல இறங்கறதெல்லாம் அவர் நிஜமாவே செய்யறதுதான். இடம்தான் பிரச்சனை. 2007ல அந்த ஷோக்கு வேலை பாத்த ஒரு சர்வைவல் ஆலோசகரே பத்திரிகைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார். ஆளில்லாத தீவுன்னு காட்டின எபிசோட் ஹவாய்ல எடுத்தது, அங்க ராத்திரி தூக்கம் ஹோட்டல்ல. கலிஃபோர்னியா சியரா நெவாடால எடுத்தப்போ சில ராத்திரி பாஸ் லேக்னு ஒரு ஏரிக்கரை ரிசார்ட்ல, குடும்பத்தோட லீவுக்குப் போயி தங்குற மாதிரி இடம் அது. காட்டுக் குதிரைன்னு சொல்லி விரட்டிப் புடிச்சது வாடகைக்கு கொண்டு வந்த பழகின குதிரை. தீவுல அவர் கட்டின தெப்பத்தை டீமே முன்னாடி ஒரு தடவ கட்டிப் பாத்து பிரிச்சு வெச்சிருந்தாங்க. ஹவாய் எரிமலை சீன்ல புகைக்கு மெஷின், நெருப்புக்கு கரித் துண்டு.

அந்த எரிமலை எபிசோட்ல சொன்னதும் ஹவாய், எடுத்ததும் ஹவாய்தான், எரிமலையும் நிஜ எரிமலைதான், ஆனா பாக்கற நம்ம மனசுல விழுந்த இடம் வேற. சேனல் 4 என்ன சொல்லுச்சுன்னா, இது யாரோட உதவியும் இல்லாம தனியா பொழைக்கற ஷோன்னு நாங்க எப்பவும் சொன்னதில்லன்னு. அதுக்கப்புறம் டிஸ்கவரி எபிசோட்களை திருத்தி, சில சீன் ஏற்பாடு செஞ்சு எடுத்ததுன்னு முன்னாடியே கார்டு போட ஆரம்பிச்சாங்க, கிரில்ஸும் மன்னிப்பு கேட்டார். அதை நான் மதிக்கறேன். ஆனா 2014ல அவரோட இன்னொரு ஷோ பனாமா பக்கத்துல முத்துத் தீவுகள்ல எடுத்தப்போ, குட்டைல தண்ணி நிக்கறதுக்காக அடியில ரப்பர் ஷீட் போட்டதும், முதலை ஜாதியான கெய்மன்களை வெளில இருந்து கொண்டு வந்து விட்டதும் தெரிய வந்துச்சு. அந்த தீவுல பொழைக்க வந்தவங்களுக்கு குடிக்க தண்ணி வேணும், பாதுகாப்புக்கு அது சரின்னே நான் நினைக்கறேன், அதை முதல் எபிசோட்லயே சொல்லியிருக்கணும்ங்கறதுதான் என் வருத்தம்.

இன்னொன்னு, மோவாப் பாலைவனம்னு ஒரு எபிசோட், அமெரிக்கால யூட்டா. மேப்ல மோவாப்னு போட்டுப் பாருங்க, அது ஒரு ஊரு, ஹைவே மேல மோட்டலா வரிசையா நிக்குது, ஆர்ச்சஸ் நேஷனல் பார்க் வாசல் அங்க இருந்து கார்ல பத்து நிமிஷம் கூட ஆகாது. தண்ணி இல்லாம அந்தப் பாறைக்குள்ள மாட்டிக்கிட்டா ஆள் செத்துப் போறது உண்மை, அங்க ஆபத்து இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆபத்தும் தூரமும் வேற வேற, ஷோ ரெண்டையும் ஒண்ணா கலந்து காட்டுது.

சர்வைவர்மேன் இதுக்கு நேர் எதிர். கனடாக்காரர் லெஸ் ஸ்ட்ரௌட், தனி ஆளு, கேமராமேன் கிடையாது, சுமார் 23 கிலோ கேமரா சாமானை அவரே தூக்கிக்கிட்டு 7 நாள். வடக்கு ஒண்டாரியோ காடு, ஜார்ஜியா சதுப்பு நிலம், கோஸ்டாரிகா, ஆர்க்டிக்ல பாஃபின் தீவு, கலஹாரி, இப்படி போற இடத்தை தெளிவா சொல்லிட்டுதான் ஆரம்பிப்பார். இதுல இடம் தேடறவங்களுக்கு துப்பறிய வேலையே கம்மி. பக்கத்துல உதவி டீம் சில மைல் தூரத்துல இருக்குன்னு, சாட்டிலைட் போன் இருக்குன்னு அவரே சொல்லிடுவார். அவர் தூரத்துல நடந்து போற ஷாட் வந்தா யோசிங்க, கேமராவை வெச்சுட்டு நடந்து போயி, திரும்பி வந்து கேமராவை எடுத்து, மறுபடி அதே வழிய நடக்கணும், பட்டினி வயித்தோட ஒரே தூரத்தை மூணு தடவ. அந்த ஒரு ஷாட்டுக்காகவே இந்த ஷோவை எனக்கு ரொம்பப் புடிக்கும்.

குறை என்னன்னா 7 நாள். ஒரு வாரம்ங்கறது பட்டினிய தாங்கிக்கற காலம், அந்த எடத்துல வாழற காலம் இல்ல. அமேசான் எபிசோட்ல அவர் எக்வடார்ல வவ்ரானிங்கற பழங்குடி மக்கள்கிட்ட போயி முதல்ல கத்துக்கிட்டுதான் காட்டுக்குள்ள போறார், அந்த மக்களுக்கு அது வனாந்தரம் இல்ல வீடு, அது படத்துலயே தெரியுது. இந்த மூணு ஷோல இதை மரியாதையா காட்டினது ஸ்ட்ரௌட்தான்னு சொல்வேன்.

இப்போ அலோன், எனக்கு தேடறதுல அதிகமா சந்தோஷம் குடுத்தது இதுதான். 2015ல ஆரம்பம், 10 பேரு, ஆளுக்கு 10 சாமான், ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாத தூரத்துல தனித்தனியா விட்டுடுவாங்க, அவங்களே ஷூட் பண்ணிக்கணும், கடைசி வரைக்கும் இருக்கறவங்களுக்கு பரிசு. முதல் சீசன் கனடால வான்கூவர் தீவோட வட பகுதி. முதல் ராத்திரியே கரடிக்கு பயந்து ஒருத்தர் கிளம்பிட்டார், ஜெயிச்சவர் 56 நாள் இருந்தார். ஷோ சொல்லாட்டியும் அந்த இடத்தை படத்தை வெச்சே புடிக்கலாம்: தேவதாரு மாதிரி ஓங்கின சீடார் மரம், பாசி புடிச்ச தரை, கடல் ஏறி இறங்குற கரை, நத்தை பொறுக்கற பாறை, விடாத மழை, இது அத்தனையும் சேர்ந்து வந்தா வட பசிபிக் கரைதான். பக்கத்து ஊரு போர்ட் ஹார்டில வருஷத்துக்கு சுமார் 1900 மில்லிமீட்டர் மழை, சென்னைக்கு சுமார் 1400, அதுவும் நமக்கு மூணு மாசத்துல கொட்டித் தீத்துடும், அங்க குளிர்ல நாள்கணக்கா நசநசன்னு. ஆனா அதே தீவை சாட்டிலைட் மேப்ல பாத்தா மரம் வெட்டின திட்டு திட்டா தெரியுது, மர லாரி போற ரோடு நரம்பு மாதிரி ஓடுது. போர்ட் ஹார்டில ஏர்போர்ட்டும் இருக்கு. ஷோ எடுத்த எடம் குவாட்சினோங்கற பழங்குடி மக்களோட பூமி, ஷோவும் அந்தப் பேரைப் போடுது.

அதனால முதல் ரெண்டு சீசனும் நாலாவது சீசனும், மூணும் வான்கூவர் தீவுதான், தூரத்துல கொஞ்சம் கம்மின்னு நான் மார்க் போடுவேன். மூணாவது சீசன் அர்ஜென்டினா படகோனியா, அஞ்சாவது மங்கோலியா, ரெண்டுமே பாக்கலாம். ஆறாவது சீசன்லதான் ஷோ உண்மையா தூரத்துக்குப் போச்சு: கனடா வடமேற்குல கிரேட் ஸ்லேவ் ஏரி. வட அமெரிக்காலயே ஆழமான ஏரி, 614 மீட்டர். டிசம்பர்ல பகல் வெளிச்சம் அஞ்சு மணி நேரம்தான். அந்த சீசன் ஜெயிச்ச ஜோர்டன் ஜோனஸ் வில்லுல ஒரு மூஸ் மானை அடிச்சு, அந்தக் கறியக் காப்பாத்த வுல்வரின்ங்கற குட்டிக் கரடி மாதிரி மிருகத்தோட மல்லுக்கட்டி 77 நாள் இருந்தார். அடுத்த சீசனும் அதே ஏரிதான், 100 நாள் இருந்தா 10 லட்சம் டாலர்னு வெச்சாங்க, ரோலண்ட் வெல்கர் இருந்து காட்டினார்.

அலோன்லயும் மறைக்கற விஷயம் இருக்கு. டாக்டர் டீம் அப்பப்போ வந்து எடை பாக்கறாங்க, எடை ரொம்ப இறங்கிட்டா அவங்களே கூட்டிட்டுப் போயிடுவாங்க, அந்த வருகைய எடிட்டிங்ல கொஞ்சமாத்தான் காட்டறாங்க. ஆனா ராத்திரி தூக்கம் எங்கன்னு கேட்டா, அவங்க கட்டின குடிசைலதான். அந்தக் கேள்வில இந்த ஷோ முழு மார்க் வாங்குது.

நம்ம தமிழ் சர்வைவர் 2021ல ஜீ தமிழ்ல அர்ஜுன் நடத்தினது சான்சிபார்ல, அமெரிக்க சர்வைவர் முதல் சீசன் 2000ல மலேசியா சபால புலாவ் டீகா தீவுல, இப்போ ஃபிஜி. இதெல்லாம் விளையாட்டுப் போட்டி, சர்வைவல் ஷோ வரிசைல வெச்சு நான் பாக்கல. புலாவ் டீகால இப்போ ரிசார்ட் இருக்கு, சர்வைவர் தீவுன்னே விளம்பரம், போயி தங்கலாம்.

எதுல ஆரம்பிக்கன்னு கேட்டா, கேமரா உண்மைக்கு சர்வைவர்மேன், இடத்துக்கு அலோன் ஆறாவது சீசன். கிரில்ஸை அவரோட துணிச்சலுக்காகப் பாருங்க, மேப்பை மூடி வெச்சுட்டு. அலோன் பாக்கும்போது மட்டும் மேப்ல கிரேட் ஸ்லேவ் ஏரியோட கிழக்குக் கைன்னு சொல்ற கிளைப் பகுதிய பெருசு பண்ணி ரோடு தேடிப் பாருங்க. அந்தப் பக்கம் இருக்குற ஊரு லுட்செல்கே, அந்த ஊருக்கே ரோடு கிடையாது, பிளேன்ல இல்லன்னா படகுல, ஏரி உறைஞ்சா ஸ்னோமொபைல்ல.