ஏழு வருஷம், இரண்டு பைனாகுலர், ஒரு பழைய சண்டை

எங்கள் வீட்டில் பறவை பார்க்க இரண்டு பைனாகுலர் இருக்கிறது. ஒன்று என்னுடைய 8×42. 2018 பொங்கலுக்கு முந்தின வாரம் 14,500 ரூபாய்க்கு வாங்கியது. இன்னொன்று 10×42. அதே வருஷம் தீபாவளி போனஸில் இவர், என் வீட்டுக்காரர், தனக்கென்று வாங்கிக்கொண்டது, 19,000. கம்பெனி பேர் சொல்லப்போவதில்லை. குறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். இந்த விலையில் கிடைக்கிறவை எல்லாமே ஏறக்குறைய ஒரே ஜாதி என்பது இன்னொரு காரணம்.

வாங்கும்போது நாங்களும் நாலு விமர்சனம் படித்துவிட்டுத்தான் வாங்கினோம். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு ‘சூப்பர்’ என்று எழுதியிருந்தார்கள். உப்புக்காற்றிலும் பனியிலும் மணலிலும் கிடந்து எழுந்த பிறகு அது எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை. இவர் 2023 டிசம்பரில் பணி ஓய்வு பெற்றார். 2024 பொங்கலில் கிளம்பி ஐந்து வாரம் கோடியக்கரை, ராஜஸ்தான், கோத்தகிரி என்று சுற்றினோம். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ தடவை போயிருந்தாலும், மூன்று நிலத்தையும் ஒரே மூச்சில் பார்த்தபோதுதான் எதில் என்ன கோளாறு என்பது பளிச்சென்று தெரிந்தது.

முதலில் அந்த எண்களைப் பற்றி. 8 என்றால் எட்டு மடங்கு கிட்டத்தில் தெரியும். 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் நிற்கும்போது எட்டைவிடப் பத்து பெரிது என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தோன்றாது. இவருக்கும் தோன்றவில்லை. ஆனால் 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. பைனாகுலரைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால் கண்வைக்கும் பக்கம் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியுமே, அதன் அளவு இதுதான். பரப்பாகக் கணக்குப் போட்டால் என்னுடையதில் ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் அதிகமான வெளிச்சம். உச்சி வெயிலில் நம் கண்மணியே சுருங்கிக் கிடப்பதால் இதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிகிற இடம் வேறு; அதற்கு வருகிறேன்.

கோடியக்கரைக்கு நாங்கள் வருஷா வருஷம் போகிறோம். 1967-லேயே சரணாலயம் ஆன இடம், 2002-லிருந்து ராம்சர் ஈரநிலம், அதாவது ராம்சர் ஒப்பந்தப்படி உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிட்ட ஈரநிலம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்கிறது. இவருக்கு அந்த நாலு நாள், பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இ-பேர்ட் தளத்தில் பட்டியல் ஏற்றாவிட்டால் கரும்பு இனிக்காது. வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களில் விடியற்காலையில் வரப்பில் நின்றால், பாத்திக்குள் கொசு உள்ளான் என்கிற குட்டிக் கரைப்பறவை கூட்டம் கூட்டமாக மேயும். கூட்டம் எழும்பித் திரும்பும்போது ஒரு கணம் வெள்ளையாக மின்னும், அடுத்த கணம் மண்ணோடு மண். அந்தக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கண் ஓடுவதற்கு அகலமான காட்சி வேண்டும். ஆயிரம் மீட்டர் தூரத்தில் என்னுடையதில் சுமார் 140 மீட்டர் அகலம் தெரிகிறது, இவருடையதில் 110 சொச்சம். “எங்க போச்சு? எங்க போச்சு?” என்று இவர் கேட்டுக்கொண்டிருப்பார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதே சமயம், தூரத்தில் வரிசையாக நிற்கும் பூநாரைகளில் பெரிய பூநாரை இனம் எது, சிறிய பூநாரை இனம் எது என்று பிரிக்க அலகின் நிறம் தெரிந்தாக வேண்டும். அங்கே அவருடைய பத்துதான் கைகொடுத்தது. உண்மையைச் சொன்னால் அங்கே இரண்டுமே போதாது. முக்காலியில் வைத்துப் பார்க்கிற ஸ்கோப் வேண்டும். கணக்கெடுப்புக்கு வந்திருந்த ஒரு காலேஜ் பையன் தன்னுடையதை ஐந்து நிமிஷம் பார்க்கக் கொடுத்தான். அதற்கப்புறம் இரண்டு நாள் இவர் பேச்சே குறைந்துபோயிற்று.

உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவர் ஒன்பதரை மணிவாக்கில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “இதுக்கு மேல என்னத்தக்கா பாப்பீங்க, கானல்தான் ஓடும்.” சரியாகச் சொன்னார். பாத்திகளுக்கு மேலே காற்று நெளியத் தொடங்கியதும் எட்டு மடங்கில் பறவை நடுங்கியது, பத்து மடங்கில் கரைந்தது. பறவையைப் பெரிதாக்குகிற கண்ணாடி கானலையும் சேர்த்தே பெரிதாக்கும். பழைய தமிழில் கானல் என்றால் கடற்கரைச் சோலை. அங்கே நின்றபோது இரண்டு அர்த்தமும் ஒரே இடத்தில் கிடைத்தது.

என் தப்பு ஒன்று. 2018-லேயே செய்தது. உப்புக்காற்றில் லென்ஸ் மங்கலாக இருக்கிறதே என்று முந்தானையால் துடைத்தேன். கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்துவிட்டது. இடது லென்ஸில் மயிரிழைக் கோடுகள் நாலைந்து இன்றைக்கும் இருக்கின்றன. நேராகப் பார்த்தால் தெரியாது, சூரியனுக்கு எதிரே திரும்பினால் ஒரு மங்கல். இப்போது முதலில் ரப்பர் குமிழால் ஊதி, பிறகு குழாயை மெதுவாகத் திறந்து நல்ல தண்ணீரில் காட்டி, அதற்கப்புறம்தான் துணி. நீர் புகாத வகையாக இருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்.

ராஜஸ்தானுக்கு மன்னார்குடியிலிருந்தே ரயில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையம் வரை போகிற வாராந்திர வண்டி. கோடியக்கரை முடித்து இரண்டு நாள் அக்கா வீட்டில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஏறினோம். புளியோதரை முதல் நாளே தீர்ந்தது. அதற்குமேல் ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, முதுகு வலியைத் தவிர.

ஜோத்பூரிலிருந்து பலோடி வழியாக கீச்சன் கிராமம். அங்கே பார்க்கப் போனது மங்கோலியா, மத்திய ஆசியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற சின்னக் கொக்கு வகையை. அந்த ஊரில் குர்ஜா என்கிறார்கள். ஊர்க்காரர்களே தானியம் இறைப்பதற்கென்று வேலி போட்டு ஒரு திடல் வைத்திருக்கிறார்கள். காலையில் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. நாங்கள் உட்கார்ந்திருந்த மொட்டைமாடியிலிருந்து அதைப் பார்க்க பைனாகுலரே வேண்டியதில்லை. பத்து நிமிஷத்தில் இரண்டையும் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டோம். அந்தச் சத்தம்! காதருகே யாரோ சோழியைக் குலுக்கிக்கொண்டே இருப்பது மாதிரி.

ஜெய்சல்மேர் பக்கம் பாலைவன தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். மரமும் குன்றும் நிறைந்த காடு என்று நினைத்துப் போகாதீர்கள். புல்லும் முள்ளும் ஊரும் ஆடும் கலந்த வெட்டவெளி. கானமயில் பார்க்கத்தான் போனோம். மொத்தமே 150-க்கும் குறைவாக மிஞ்சியிருக்கிற பறவை. பூங்காவுக்குள் இருக்கிற சுதாசரியில் முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் காலை ஏழரைக்கு, குளிரில் விரல் மரத்துப் போயிருந்தபோது, ஜீப் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுக் கையை மட்டும் நீட்டினார். புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இவர் ஜீப் கம்பியில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். “கருப்புத் தொப்பி தெரியுதும்மா. மார்ல பட்டை தெரியுது.” வாங்கிப் பார்த்தேன். தெரிந்தது. குளிர்ந்த காற்று, கை ஊன்ற ஒரு பிடிமானம், நகராத பறவை மூன்றும் சேர்ந்தால் பத்து மடங்கு ஜெயிக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்பது மணிக்கெல்லாம் அங்கேயும் கானல் ஓட ஆரம்பித்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் மின்கம்பிகள். கானமயிலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே சரியாகப் பார்க்க முடியாது, கனமான உடம்பைச் சட்டென்று திருப்பவும் முடியாது. கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாங்கள் ஊர் திரும்பிய அடுத்த மாதமே, 2024 மார்ச்சில், அந்த உத்தரவைத் தளர்த்திக் குழு அமைத்தது. செய்தியைப் படித்த அன்று இவர் அந்தக் காலை எடுத்த குறிப்பு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணல் பற்றி: லென்ஸை அது ஒன்றும் செய்யவில்லை. ஃபோகஸ் சக்கரத்துக்குள் புகுந்துவிட்டது. திருப்பினால் அம்மியில் மிளகு அரைபடுகிற சத்தம். என்னுடையதில் ஒரு மாதத்தில் தானே சரியானது. இவருடையதில் குளிர்காலத்தில் இன்னும் இறுகுகிறது.

இனி இவருடைய பைனாகுலரின் மருத்துவ வரலாறு. 2019-ல் பைக் டேங்க் மேலிருந்து தார்ச் சாலையில் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, ஆனால் இரண்டு குழலும் கோணிவிட்டன. பார்த்தால் ஒரு மைனா இரண்டாகத் தெரியும், பத்து நிமிஷத்தில் தலைவலி. சர்வீஸுக்கு அனுப்பி நாலு மாதம் கழித்து வந்தது, வேறு யாருடைய வாரோடு. காட்சி சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கருவிகளுக்குள்ளே ஈரம் தங்காமலிருக்க நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். திறந்து மூடினால் மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்பினார்களா என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்து 2020 ஊரடங்கு. தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்தது, ஏழு மாதம் எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். சுத்தம் பண்ணியும் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம். என்னுடையது அந்த மாதங்களில் ஜன்னலோரம் ஆணியில் தொங்கியது. தினம் காலை காபியோடு எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது இரண்டும் மூடி இறுகின பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு. தோல் உறை பழைய சாமான்காரருக்குப் போய்விட்டது.

அந்த ஓரத்து ஃபங்கஸ் பாலைவன வெயிலில் தெரியவே இல்லை. கோத்தகிரி லாங்வுட் சோலையில் தெரிந்தது. 2024 தொடக்கத்தில்தான் அதற்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்திருந்தது. 116 ஹெக்டேர், ஒரு சின்னக் காடு. ஆனால் உள்ளே நாலடி வைத்தால் பகல் பத்து மணி சாயங்காலம் ஆகிவிடுகிறது. முதலில் சொன்ன வெளிச்ச வித்தியாசம் தெரிகிற இடம் இதுதான். நீலகிரிச் சிரிப்பான்கள் புதருக்குள் கெக்கலித்துக்கொண்டே போயின. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பேர் சொல்கிறது, சரிதான், பறவையை யார் காட்டுவது?

பாதையோரம் விழுந்து கிடந்த கிளையில் ஆரஞ்சாக ஏதோ துள்ளியது. எட்டடி தூரம்கூட இருக்காது. கறுப்புத் தலை, கறுப்புச் சிறகு, மற்றதெல்லாம் நெருப்புக் கங்கு: கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான், மேற்குத் தொடர்ச்சி மலை தவிர வேறெங்கும் இல்லாதது. இரண்டு மீட்டர் வரை என்னுடையது தெளிவாகக் காட்டும். வாய் விளிம்பில் ஒட்டியிருந்த பூச்சியின் கால் வரை பார்த்தேன். இவருடையதற்கு மூன்று மீட்டராவது வேண்டும். ஒரு அடி பின்னால் போனார், இன்னொரு அடி போனார், வேர் தடுக்கி உட்கார்ந்தார். பறவை போகவில்லை. கீழே உட்கார்ந்தபடியே கையை நீட்டி, “ஒரு நிமிஷம் குடும்மா,” என்றார்.

கொடுத்தேன். அந்த ஒரு நிமிஷம் லாட்ஜ் திரும்பும் வரை நீண்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு: கண்ணாடி போடுகிறவராக இருந்தால், மடங்கைக் கேட்பதற்கு முன்னால் ஐ ரிலீஃப் எவ்வளவு என்று கேளுங்கள்; லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுக் காட்சி தெரியும் என்கிற தூரம் அது. என்னுடையது 17 மில்லிமீட்டர், கண்ணாடியோடு முழு வட்டமும் தெரிகிறது. கூட வருகிற பட்டை வாரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோளில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள், 1,200 ரூபாய். எழுநூறு கிராம் கழுத்தில் நாள் முழுக்கத் தொங்கினால் மறுநாள் தலை திரும்பாது. கண் வைக்கிற ஐகப் நாலு வருஷத்தில் தொளதொளவென்று ஆகும், மேலுறை ரப்பர் கோடையில் பிசுபிசுக்கும். இரண்டையும் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். கணவன் மனைவி இருவரும் போவதாக இருந்தால் தயவுசெய்து ஆளுக்கொன்று. முதல் பத்து மாதம் ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட சண்டையில் எத்தனை பறவை பறந்து போனதோ.

10×42 இப்போது மொட்டைமாடியில். எதிர்வீட்டு வேப்பமரத்தில் செம்மார்புக் குக்குறுவான் பொந்து குடைகிறது, கைப்பிடிச்சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் நன்றாகத் தெரிகிறது. வெளியூர் கிளம்பும்போது மட்டும் இவர் என் ஹார்னஸின் வாரைத் தன் அளவுக்கு நீட்டி வைத்துவிடுகிறார். கேட்டால் தானாகவே தளர்ந்துவிட்டது என்கிறார்.